சொறியச் சொறியக் கேள்வி

வயற்காரர், பரந்தன்: அருவி வெட்டு நேரம் மெசினுக்குப் பின்னாலை நிண்டனான், கண்ணிலை உமி பட்டுட்டுது. கழுவிப்போட்டு விட்டிட்டன். இப்ப கருவிழியிலை ஒரு வெள்ளைப் புள்ளி. பாமசியிலை கண் சிவப்புக்கெண்டு ஒரு சொட்டு மருந்து தந்தவை. விடலாமோ?

விடாதீர்கள் ஐயா. இப்போதே கண் வைத்தியரிடம் வெளிக்கிடுங்கள், மிச்சத்தை பஸ்ஸில் வாசிக்கலாம். உமி கீறிய இடத்தில் பியூசேரியம், அஸ்பர்ஜிலஸ் போன்ற பூஞ்சணங்கள் குடியேறும். இரண்டும் மண்ணிலும் பயிரிலும் வைக்கோலிலும் வாழ்பவை. 1994 இல் தை முதல் பங்குனி வரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் முதலில் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி வளர்ந்த புண்களில் ஏறத்தாழப் பாதியில் இருந்தது பூஞ்சணம். எங்களுக்கும் காலபோக நெல் வீடு வருவது அதே மாதங்களில்தான்.

அந்தச் சொட்டு மருந்தில் ஸ்டீரொய்ட் இருந்தால் சிவப்புக் குறையும், நோவும் குறையும், உள்ளே பூஞ்சணம் மட்டும் கொழுக்கும். புண்ணைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்து, பூஞ்சணம்தான் என்று தெரிந்தால் நட்டமைசின் என்ற துளிமருந்து கொடுப்பார்கள். பழைய மருந்துதான். ஆனாலும் 2013 இல் வெளிவந்த ஆய்வொன்றில் புதிய வொரிகொனசோலை வென்றது.

அவருடைய மனைவி, அதே விலாசம்: தாய்ப்பால் விட்டால் கண் சுகமாகும் எண்டு மாமி சொல்லுறா.

பால் பிள்ளைக்கு, கண் கிளினிக்குக்கு என்று மாமிக்குச் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், நாளைக்கும் அவவோடுதான் இருக்க வேண்டும்.

ஓட்டோக்காரர், நெளுக்குளம்: ஒரு ஊரிலை நாலு பேருக்குப் பூஞ்சண வருத்தம் எண்டால் அது தொத்தித்தானே வந்திருக்கும்?

தொத்துவது எப்படியென்று வன்னிக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2009 இல் மெனிக் பாம் அகதி முகாமில் கொப்புளிப்பான் கூடாரத்துக்குக் கூடாரம் பாய்ந்ததைப் பார்த்த சனம் இது. உடம்புக்குள் ஆழ இறங்கும் பூஞ்சணங்களில் பெரும்பாலானவை அப்படிப் பாய்வதில்லை. அவை உக்கிய இலையிலும் ஈரச் சுவரிலும் ஏற்கெனவே காத்திருக்கின்றன. ஆகவே யார் யாரைத் தொட்டார்கள் என்று துருவ வேண்டாம். நாலு பேரும் என்ன வேலை செய்தார்கள், என்ன மருந்து எடுத்தார்கள் என்று விசாரியுங்கள்.

2021 இல் இந்தியாவில் யூலை நடுப்பகுதிக்குள் 45,000 பேருக்கு மேல் ‘கறுப்புப் பூஞ்சணம்’ வந்தது, 4,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒருவர்கூட அடுத்த கட்டிலில் கிடந்தவரிடமிருந்து வாங்கவில்லை. கொரோனா, கட்டுக்கடங்காத சீனி வருத்தம், கணக்கில்லாத ஸ்டீரொய்ட் மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தன.

நம் நாட்டில் நடந்தது இன்னும் கொடுமை. 2005 இல் சிசேரியனுக்காக முதுகில் மயக்க ஊசி போட்ட ஐந்து தாய்மாருக்கு அஸ்பர்ஜிலஸ் மூளையுறைக்குள் போனது. மூன்று பேர் இறந்தார்கள். ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் கொடுக்கவில்லை. சுனாமி நிவாரணச் சாமான்களால் நிரம்பி வழிந்த களஞ்சியத்தின் ஈரத்தில் கிடந்த ஊசிக்குழாய்களில்தான் விசாரணை போய் நின்றது.

தொத்தும் பூஞ்சணங்களும் உண்டு. கன்டிடா ஓரிஸ் ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியில் ஒட்டியிருந்தே ஆள் மாறும். மற்றது வீட்டுக்காரர் எல்லாருக்கும் தெரிந்த படர்தாமரை.

குளத்தில் மட்டும் குளிப்பவர், வவுனிக்குளம்: மூக்குக்குள்ளை சிவத்த சதை வளருது, ரத்தமும் வருது. குளத்துப் பங்கசு எண்டு ஒருத்தர் சொன்னார்.

ரைனோஸ்போரிடியமாக இருக்கலாம். தேங்கிய நீரில் குளிப்பவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நன்கு பழக்கமானது. நெடுங்காலம் பங்கசு இடாப்பில் இருந்தது, மரபணுவைப் பார்த்த பிறகு பெயரை வெட்டிவிட்டார்கள். இடாப்பில் இல்லாவிட்டாலும் சதையை வெட்டி அடியைச் சுடத்தான் வேண்டும். காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பாருங்கள். வீட்டில் மற்றவர்களுக்குத் தொத்தாது.

சாரக்காரர், ஒட்டுசுட்டான்: தொடையிடுக்கிலை வட்டம். பாமசிக் கிறீம் பூசினால் ரெண்டு நாளிலை கடி நிக்குது, விட்டால் இரட்டிப்பாய் வருது. இப்ப மனுசிக்கும் வந்திட்டுது.

கிறீம் குழாயைத் திருப்பிச் சின்ன எழுத்தை வாசியுங்கள். குளோபெட்டசோல், பெட்டாமெதசோன் என்று ஏதாவது இருக்கிறதா? அதுதான் ஸ்டீரொய்ட். கடியை அமர்த்தும், விளிம்பை மங்க வைக்கும், பூஞ்சணத்தைச் சாக்காட்டாது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரி வரியாக வெடிக்கும். வட்டம் தன் வட்டத்தையே இழந்துவிடுவதால் வைத்தியருக்கும் அடையாளம் பிடிக்கக் கஷ்டம்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் தோல் வைத்தியரிடம் போங்கள். ஒருவர் குணமாகி மற்றவர் வைத்திருந்தால் மறுபடி பங்கு கிடைக்கும். துவாயும் சாரமும் தனித்தனி, வெயிலில் நன்றாகக் காய்ந்தது. வட்டம் மறைந்தாலும் வைத்தியர் சொன்ன கிழமைக்கணக்கை முடியுங்கள்.

தாய், நெடுங்கேணி: ரொறன்ரோவிலை இருக்கிற மகனுக்கும் உதே வட்டம். இஞ்சத்தைக் கிறீமை அனுப்பட்டாம்.

அனுப்பாதீர்கள் அம்மா. இந்தியாவில் வேர்விட்ட ஒரு படர்தாமரை இப்போது உலகம் சுற்றுகிறது. பெயர் டிரைக்கோபைட்டன் இந்தோட்டினியே. வழக்கமான டெர்பினபினுக்குப் பெரும்பாலும் மசியாது. 2023 இல் நியூயோர்க்கில் இரண்டு பெண்களுக்கு வந்ததாக அறிவித்தார்கள், அதில் ஒருவர் அண்மையில் வெளிநாடு போகாதவர். மகனை அங்கேயே தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மனம் கேட்காவிட்டால் முல்லைத்தீவுக் கச்சான் அனுப்புங்கள்.

கச்சான் வறுப்பவர், முள்ளியவளை: மழையிலை நனைஞ்ச கச்சான் பூஞ்சணம் பிடிச்சிட்டுது. கழுவி வறுத்தால் சரிதானே?

மேலே கச்சான் அனுப்பச் சொன்ன பதிலுக்கு நீங்கள் வேட்டு வைக்கிறீர்களே! வறுத்தால் பூஞ்சணம் சாகும், அது விட்டுப்போன அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு முழுதாகப் போகாது. அது ஈரலைத் தின்னும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இப்படிப்பட்ட கச்சான் பிண்ணாக்கைத் தின்று செத்த பிறகுதான் உலகம் இதைக் கண்டுபிடித்தது. நிறம் மாறியதை, சுருங்கியதைப் பொறுக்கி எறியுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், நஞ்சில் ஒரு பங்கு பாலில் வரும்.