கொஞ்சம் காத்து கம்மியா இருக்கு

இதைத் தட்டச்சு செய்யும்போதும் உள்ளங்கை இரண்டும் ஜிவ்வென்றுதான் இருக்கின்றன. நேற்று வெலிங்டன் துறைமுகத்தின் கிழக்குக் கரையோரமாக, பென்கேரோ கலங்கரை விளக்கம் வரைக்கும் சைக்கிளில் போய்வந்தேன். கார், பஸ், லாரி எதுவும் வராத ஜல்லிப் பாதை. ஒரு பக்கம் செங்குத்தாக மலை, மறுபக்கம் கறுத்த பாறையும் கடலும், நடுவே எட்டு கிலோமீட்டருக்குக் கல்லும் மண்ணும். அந்த விளக்கடியில் நின்று தெற்கே பார்த்தால் மனசுக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் என் மாமனார் என் டயரைத் தொட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

மாமா மதுரைக்காரர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளிலேயே போய்ச் சைக்கிளிலேயே திரும்பியவர். மகளைப் பார்க்க வந்தவரை, ஈஸ்ட்போர்ன் ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் பர்டன்ஸ் கேட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து தனியார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. வண்டியே இல்லாத அந்தப் பாதையில் ஓட்டுவதற்காக ஊரே காரின் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருவதால், வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பது வேறு விஷயம். அவருக்கு வாடகைச் சைக்கிள் எடுக்கப் போனேன். போன நேரத்தில் முடிந்துவிட்டது.

“மாப்ள, உங்க ரெண்டு டயர்லயும் காத்தே இல்ல. நல்லவேளை பாத்தேன். கல்லு மாதிரி அடிச்சு வச்சிருக்கேன்.”

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருக்கிறார்.

நீங்களும் அழுத்துவீர்கள். மறுக்க வேண்டாம். நிறுத்தி வைத்திருக்கிற சைக்கிளைத் தொடாமல் தாண்டிப் போக நம்மில் யாரால் முடியும்? சீட்டை ஒரு தட்டு, பெல்லை ஒரு அடி, பிறகு பின் டயரில் கட்டைவிரல். எப்போதும் பின் டயர்தான் முதலில். சொந்தச் சைக்கிளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தெரிந்தவருடையதாகக்கூட இருக்க வேண்டாம். டீக்கடை வாசலில் நிற்கிற யாரோ ஒருவரின் சைக்கிளை, பேப்பர் படித்துக்கொண்டே, பார்க்காமலேயே அழுத்துகிறவர்கள் உண்டு. அழுத்தியதும் புருவம் கொஞ்சம் உயரும். உதடு பிதுங்கும். தீர்ப்பு வரும்: “கொஞ்சம் காத்து கம்மியா இருக்கு.”

இதுவரைக்கும் ஒருவராவது அழுத்திப் பார்த்துவிட்டு “சரியா இருக்கு” என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கிடையாது. காற்று எவ்வளவு இருந்தாலும் கம்மிதான். அப்போதுதான் கடையில் அடித்துக்கொண்டு வந்த சைக்கிளும் கம்மிதான். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி, “எந்தக் கடை?” கடையின் பெயரைச் சொன்னால், “அவன்ட்ட ஏன் போனீங்க?” அதற்குப் பதில் சொன்னால், “வால்டியூப் மாத்துனீங்களா?” இந்த வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் தோல்வி நமக்குத்தான். அழுத்துகிறவர்களிலும் சாதி உண்டு. ஒற்றை விரலில் மென்மையாக அழுத்துபவர், இரண்டு கட்டைவிரலையும் வைத்துக் குரல்வளையை நெரிக்கிற மாதிரி அழுத்துபவர், கையை நம்பாமல் காலால் மிதித்துப் பார்ப்பவர், எதையும் செய்யாமல் தூரத்தில் நின்றே “பாத்தாலே தெரியுதே” என்பவர். கடைசி ஆள் ஆபத்தானவர். அவரை எந்த அளவுமானியும் மறுக்க முடியாது. சென்னையில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக் காவலாளி என் ஸ்டாண்டு போட்ட சைக்கிளைத் தினமும் அழுத்துவார். “கம்மி” என்பார். ஒருநாள் வேண்டுமென்றே வெடிக்கிற அளவுக்கு அடித்து வைத்தேன். அழுத்தினார். யோசித்தார். “முன்னாடிதான் கம்மி” என்றார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? பர்டன்ஸ் கேட்டில் யாரோ ஒருவரின் கார்பன் சைக்கிள் வேலியில் சாய்ந்திருந்தது. என் கை என்னைக் கேட்காமலேயே போய் அதன் டயரை அழுத்தியது. சொந்தக்காரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். கம்மியாகத்தான் இருந்தது.

ஆனால் என் டயரில் கம்மியாக இருந்தது தற்செயல் அல்ல, தவம். கிராவல் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் காற்றை அடிப்பதில்லை, கணக்கிடுகிறோம். உடம்பின் எடை, சைக்கிளின் எடை, டயரின் அகலம், ரிம்மின் அகலம், பாதையில் கிடக்கும் கல்லின் ரகம் எல்லாவற்றையும் ஒரு செயலியில் போட்டால், முன்னால் 28 பி.எஸ்.ஐ., பின்னால் 30 என்று வரும். முந்தின நாள் ராத்திரி டிஜிட்டல் அளவுமானியை வைத்துக்கொண்டு கால் புள்ளி ஏற்றி அரைப் புள்ளி இறக்கி அதைச் சரிசெய்தேன். மனைவி தூங்கப் போகும்போது பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்தாள். இருட்டிலும் தொடர்ந்தேன்.

மாமா அடித்தது 60. இரண்டிலும். என் சைக்கிளின் பிரெஸ்டா வால்வு அவருக்குப் புதுசு. பக்கத்துக் காரில் வந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் அதைத் திறந்து காட்டி, பம்பையும் பிடித்துக்கொண்டாராம். “டயர்லயே 60னு அச்சடிச்சிருக்கான் மாப்ள.”

“அது அதிகபட்சம் மாமா.”

“அதான். அதிகபட்சம் இருக்கும்போது எதுக்குக் குறைச்சலா?”

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு நூறு வாங்கச் சொல்லிக்கொடுத்தவரிடம் இதற்கு என்ன பதில் சொல்வது?

காற்று நிறைந்த ரப்பர் டயருக்கு ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காப்புரிமை வாங்கினார். பெல்பாஸ்ட்டில் கால்நடை மருத்துவர். கல் பாவிய தெருவில் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்றுதான் அதைச் செய்தார். குலுக்கலைத் தின்பதற்காகவே டயருக்குள் போன காற்று அது. மெத்தென்று இருந்தால் கல் டயருக்குள் அமுங்கிப் போகும், சக்கரம் மேலே போய்விடும். விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கு முன்னே போகாமல் தொடைச் சதையை ஆட்டுவதிலேயே தீர்ந்துவிடும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். “வேகமாப் போகுதா இல்லையா?” என்று கேட்டுவிட்டு மாமா முன்னால் போய்விட்டார்.

வேகமாகத்தான் போனது. வடகாற்று முதுகில் இருந்தது. குக் நீரிணை வழியாகக் காற்று புகுந்து வருவதால் வெலிங்டனில் காற்றுக்கு மட்டும் பஞ்சமில்லை. போகும்போது அது தள்ளிவிடும், நாமும் நம் காலின் பலம் என்று நினைத்துக்கொள்வோம்.

முதல் வளைவிலேயே பல் ஆடத் தொடங்கியது. ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, குந்தி உட்கார்ந்து, வால்வின் முனையைத் திருகி நகத்தால் அழுத்தினேன். புஸ்ஸ். டியூப் இல்லாத டயர், உள்ளே பஞ்சரை அடைக்கிற பால் ஊற்றியிருக்கும். நாலைந்து வெள்ளைத் துளி என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. நம் ஊர்ச் சாலையாக இருந்தால் இந்த ‘புஸ்’ யார் காதில் விழும்? ஒரு ஹாரன் போதும். இங்கே ஹாரன் இல்லை, எஞ்சின் இல்லை, மனிதக் குரல்கூட இல்லை. மாமா போனதோ தெற்கே, காற்று அடித்ததோ வடக்கிலிருந்து. சத்தம் சிந்தாமல் சிதறாமல் நேரே அவர் காதுக்குப் போனது. திரும்பி வந்தார்.

“பஞ்சர்!”

“இல்ல மாமா, நான்தான்...”

“பால் வடியுது, பஞ்சர் இல்லங்கறீங்க. தள்ளுங்க.” என் சட்டைப் பையிலிருந்த கைப்பம்பை அவரே எடுத்தார். அறுபது வரை அடிக்கும் தெம்பு எனக்குக்கூடக் கிடையாது. அவருக்கு இருந்தது. இந்தப் பூஜை அடுத்தடுத்த வளைவுகளிலும் நடந்தது. காற்று இறங்கும், மாமா வருவார், காற்று ஏறும். போக்குவரத்து இல்லாத சாலை ஏன் வேண்டும் என்று கேட்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இடையிடையே அவர் பாதையையும் விமர்சித்தார். “இதுக்குப் பேரு கப்பி ரோடு மாப்ள. தார் போடச் சொல்லி நாங்க கலெக்டர்ட்ட மனு குடுத்தோம். இங்க இதுல ஓட்டுறதுக்குன்னே தனியா சைக்கிள் வாங்குறீங்க. எவ்வளவு ஆச்சு?” விலையை நான் சொல்லவில்லை. மனைவியிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஹட் பள்ளத்தாக்கில் சுத்திகரித்த கழிவுநீர் இந்தக் கரையோரமாகவே குழாயில் வந்து பென்கேரோ முனைக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது என்பதையும் சொல்லவில்லை. சுற்றுலாத் துண்டறிக்கைகளும் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை.

நிலநடுக்கத்தைச் சொன்னேன். 1855 ஜனவரியில் இந்தக் கரையே எழும்பியது. இன்னும் தெற்கே துராகிரே முனையில் தரை ஆறு மீட்டருக்கு மேல் உயர்ந்து, பழைய கடற்கரை இப்போது மேட்டில் கிடக்கிறது. அவர் அசரவில்லை. துறைமுக வாயைக் காட்டி வாஹினே கப்பலைச் சொன்னபோதுதான் நின்றார். 1968 ஏப்ரல் 10, புயலில் அந்தப் பயணிக் கப்பல் பாரெட் பாறைத்திட்டில் மோதியது. அன்று 51 பேர் இறந்தார்கள். பலரைக் கடல் இந்தக் கரைக்குத்தான் இழுத்து வந்தது. மண்சரிவில் பாதை அடைபட்டதால் மீட்க வந்தவர்களால் சீக்கிரம் வந்து சேர முடியவில்லை. மாமா சைக்கிளை விட்டு இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே நடந்தார். நானும் இறங்கி நடந்தேன். அந்த நேரம் டயரைப் பற்றி இருவருமே பேசவில்லை.

கலங்கரை விளக்கம் மேட்டின் உச்சியில் இருக்கிறது. கீழே கரையை ஒட்டி இன்னொன்று, 1906-இல் கட்டியது. மேலே இருப்பது அடிக்கடி மூடுபனியில் மறைந்துபோனதால் இது தேவைப்பட்டது. மேலே உள்ளதுதான் நியூசிலாந்தின் முதல் நிரந்தரக் கலங்கரை விளக்கம். இங்கிலாந்தில் வார்த்த இரும்பைத் துண்டு துண்டாகக் கப்பலேற்றி வந்து பூட்டியிருக்கிறார்கள். 1859 ஜனவரி 1-இல் அதை ஏற்றியவர் மேரி ஜேன் பென்னட். கணவர் 1855-இல் கடலில் மூழ்கி இறந்துபோக, ஒரு வீட்டு ஜன்னலில் வைத்த விளக்கைப் பிள்ளைகளோடு கட்டிக் காத்தவர். இந்த நாட்டில் கலங்கரை விளக்கக் காப்பாளராக இருந்த ஒரே பெண். பலகையில் இதை மாமா உரக்கப் படித்தார், வகுப்பில் படிப்பது போல. “ராத்திரி பூரா முழிச்சிருந்து எண்ணெய் ஊத்திருக்கு இந்தம்மா. நீங்க காத்துக்கு அழுவுறீங்க” என்றார்.

மேலே ஏறும் ஒற்றையடிப் பாதை செங்குத்து. “வாங்க மாப்ள” என்று அவர் ஏறத் தொடங்கினார். அவர் முதுகு திரும்பி இருக்கிற நேரம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. “நீங்க போங்க மாமா, சைக்கிளைப் பாத்துக்கறேன்” என்றேன். ஆள் நடமாட்டமே இல்லாத கரையில் சைக்கிளை யார் திருடப் போகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. மதுரைக்காரர், பூட்டில்லாத சைக்கிளை விட்டு வருவதைத்தான் கேள்வி கேட்டிருப்பார். அவர் மேலே போய் வெகுநேரம் தெற்கே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கீழே உட்கார்ந்து 30 வரை இறக்கினேன்.

திரும்பும்போது அதே வடகாற்று முகத்தில். மாமா என் பின்சக்கரத்தை ஒட்டியே, என் முதுகின் மறைவில், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பர்டன்ஸ் கேட்டில் வாடகைச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது கடைப்பையனிடம், இந்தச் சைக்கிளிலும் காற்று கொஞ்சம் கம்மி என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவன் நன்றி சொல்லி, அவர் கண்முன்னாலேயே அழுத்திப் பார்த்து, தலையாட்டினான்.

இன்று காலை ரெமுடாகா சைக்கிள் பாதையின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை இன்னும் தெற்கே, ஓரோங்கோரோங்கோ பக்கம் போக வேண்டுமாம். அங்கே கல் இன்னும் பெரிசு, இன்னும் கூர் என்று எங்கோ படித்திருக்கிறார். அதற்கு 60 பத்தாது என்கிறார்.