மஞ்சள் கடுதாசி மகாராஜர் வாழ்க!

செஞ்சி மண்ணின் வீரத்துக்குத் தேசிங்கு ராஜாவே இலக்கணம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தோம். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டதற்காக 1714இல் சிறு படையோடு களமிறங்கி, இளம் வயதிலேயே உயிரை விட்டார் அவர். பாவம், பாக்கிக்காகச் சாகவும் வேண்டுமா? ஒரு வக்கீலையும் ஒரு மஞ்சள் கடுதாசியையும் துணைக்கொண்டு, மேலில் வியர்வைகூட அரும்பாமல் பாக்கியை வெல்லும் வித்தையை அவருக்குச் சொல்லித்தர அன்று ஆளில்லை. அந்தக் குறை தீர நம் காலத்தில் அவதரித்திருக்கிறார், ஐ.பி. எனப்படும் திவால் மனுக் கொடுத்த வாடகைதாரர் என்னும் பெருந்தகை.

அன்னாரின் அருங்குணங்களை எப்படிச் சொல்லி முடிப்பது! “நமக்குள்ள எதுக்குண்ணே பத்திரம்?” என்று குடிவந்த அன்றே உறவு கொண்டாடிய பாசம். “மல்லாட்டை மூட்டை போட்டதும் மொத்தமாக் கொடுத்திடறேன்” என்று மாதந்தோறும் மலர்ந்த முகத்தோடு உரைத்த உறுதி. அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்ன தாராளம். அது கழிந்து தீர்ந்த பிறகும் வீட்டுக்காரரைப் பிரிய மனமில்லாமல் தங்கியிருந்த அன்பு. கடைசியில் யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல் நள்ளிரவில் காலி செய்த கண்ணியம்.

போகும்போதும் வெறுமனே போய்விடவில்லை. மின்விசிறியைக் கழற்றியவர் கொக்கியை விட்டுச்சென்றார். குழாய்களைக் கொண்டுபோனவர் அவை இருந்த ஓட்டைகளைத் தொடவில்லை. வாஷ்பேசினை இரண்டாகப் பிளந்து, இரண்டு துண்டையும் வீட்டுக்காரருக்கே தந்தார். மின்வாரியப் பாக்கி ரசீதைக் கதவிடுக்கில் பத்திரமாகச் செருகினார். செஞ்சிக் கோட்டையை 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய யுனெஸ்கோ, அதன் அடிவாரத்தில் நடமாடும் இந்த உயிருள்ள சின்னத்தைக் காணாமல் போனது நம் துரதிர்ஷ்டம்.

இத்தகைய திருமேனிக்குக் காவலாக நிற்பது 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். 2016இல் புதிய திவால் சட்டம் வந்தாலும், நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றத் தனிநபர்களைத் தீண்ட அது துணியவில்லை. பழைய சட்டத்தின் தயாளமோ சொல்லி மாளாது. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே திவால் மனுப் போடலாம். திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால், அதன் அனுமதியில்லாமல் யாரும் அன்னார்மீது பாக்கி வழக்குத் தொடர முடியாது. சொத்து, நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சேரவேண்டியது முதலில், வேலையாட்களின் கூலியில் 20 ரூபாய் வரை அதோடு. சென்னைக்கான 1909 சட்டம் வீட்டுக்காரருக்கு ஒரு மாத வாடகையையாவது முன்வரிசையில் வைக்கிறது. செஞ்சி வீட்டுக்காரருக்கு அந்தச் சிறுமையும் இல்லை. மற்றக் கடன்காரர்களோடு சரிசமமாக நின்று, ரூபாய்க்கு இத்தனை பைசா என்று கிடைப்பதை வாங்கிக்கொள்ளும் பெருமை அவருக்கு உண்டு. உடைத்த சாமான்களுக்கான நஷ்டஈடு ஒப்பந்தத்தின் வழியாகவோ நம்பிக்கை மீறலின் வழியாகவோ வந்தால்தான் கணக்கில் ஏறும் என்கிறது 1920 சட்டத்தின் 34ஆம் பிரிவு. பத்திரம் எதற்கு என்று அன்றே கேட்டவரின் தீர்க்கதரிசனத்தை என்னவென்பது!

ஆகவே வீட்டுக்காரப் பெருமக்களே, அன்னாரின் மெல்லிய மனம் நோகும்படி எதையும் செய்துவிடாதீர்கள். நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். வாடகைப் பாக்கியைக் கணக்கிட்டுப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யாதீர்கள். செய்தால் கடன்காரர் பட்டியலில் உங்கள் பெயரும் ஏறிவிடும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் மைத்துனர் பெயருக்குத் தானமாக மாறிய மனையைப் பற்றி ரிசீவரிடம் மூச்சு விடாதீர்கள்; 53ஆம் பிரிவு அந்த மாற்றத்தையே ரத்து செய்ய வழிவிடுகிறது. சொத்தை மோசடியாக மறைத்தால் 69ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை என்பதையும் மறந்துவிடுங்கள். கடனிலிருந்து விடுதலை கேட்டு அன்னார் மனுச் செய்யும் நாளில் ஆட்சேபம் சொல்ல நீதிமன்றப் படியேறாதீர்கள். அடுத்த குடித்தனத்துக்கும் வாய்வார்த்தையே போதும், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாதீர்கள். நீங்கள் இப்படியே இருந்தால்தான் அன்னார் பக்கத்துத் தெருவில் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் பேச முடியும்.