நாட்டு நடப்பு: தேவனூர் நாட்டு நடுநிலைப் பள்ளிச் செய்தியறிக்கை பற்றி ஓர் ஆய்வு

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள் எல்லாம் முடிந்ததும் எட்டாம் வகுப்பில் குரல் கனத்த ஒருவர் முன்னே வந்து ‘இன்றைய செய்திகள்’ வாசிப்பது தமிழகப் பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். கொல்லிமலையில் இந்த வழக்கம் எப்படி இயங்குகிறது என்பதே இவ்வாய்வின் பொருள். இதற்கு முனைவர் பட்டம் கிடைக்காது என்று நண்பர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். எச்சரிக்கை பதிவு செய்யப்பட்டது.

முதலில் கலைச்சொல் சிக்கல். ‘நாடு’ என்றால் மற்றவர்களுக்கு இந்தியா. கொல்லிமலையிலோ 14 நாடுகள். ஒவ்வொன்றும் சில சிற்றூர்கள் சேர்ந்த தொகுதி. எனவே ‘நாட்டு நடப்பு’ என்று வாசிப்பவர் தொடங்கினால் தேவனூர் நாட்டில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். டெல்லிச் செய்தி அதில் வராது. இதே தர்க்கப்படி, ஆடிப்பெருக்குக்கு வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போய்வருவது வெளிநாட்டுப் பயணம். செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழா வாழவந்தி நாட்டு விவகாரம். நாளிதழ் ஆசிரியர்கள் இந்த நுட்பத்தைக் கவனிக்காமல் ‘உலகம்’ என்று ஒரு தனிப் பக்கம் போட்டு வருகிறார்கள்.

நாளிதழ் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் சுற்றி மேலே வர வேண்டும். வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டால் நேற்றைய தாளே ‘இன்றைய செய்தி’ ஆகிறது. யாரும் குறை சொன்னதில்லை. வரிசையில் நிற்கும் மூன்றாம் வகுப்புக்கு நேற்று, இன்று எல்லாம் ஒரே வெயில்தான். ஒரு செய்தி மட்டும் விதிவிலக்கு. ‘நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை ஐந்து காசு உயர்வு’ என்று வாசித்ததும் வரிசையில் சலசலப்பு. 2010 முதல் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. அதன் விலை ஏறினாலும் இறங்கினாலும் தட்டில் ஒன்றுதான். ஆனாலும் பொருளாதாரச் செய்திக்கு இவ்வளவு ஆழ்ந்த வாசகர்கள் பங்குச் சந்தைக்குக்கூடக் கிடையாது.

அடுத்து, வாய்மொழிப் பதிப்பு. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். தண்ணீர்க் குழாயடியில் எட்டாம் வகுப்பு விடும் செய்தியும் ஏழு, ஆறு, ஐந்து என்று துளைத்துக்கொண்டு போகிறது, திசைதான் நேர்மாறு. உடும்பாகப் புறப்பட்டது ஒன்றாம் வகுப்பை அடையும்போது யானையாகியிருக்கும். சமவெளியில் ‘கரடி விடுகிறான்’ என்றால் கதை அளக்கிறான் என்று பொருள் முடிந்துவிடும். மேலே கரடி நிஜமாகவே உண்டு. பலாமரத்தடியில் கரடி வந்தது என்று ஒரு பையன் சொன்னால், அவன் விட்டது எந்தக் கரடி என்று தீர்மானிக்க ஆய்வாளரிடம் கருவி ஏதும் இல்லை.

இனி ஆய்வின் முடிபு. நாட்டின் உண்மையான நாளிதழ் கரும்பலகையின் வலது மேல்மூலையில் வெளியாகிறது. ‘பதிவு 23, வருகை 17’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சமவெளிக்காரர் இதைக் கழித்தல் கணக்காகப் பார்ப்பார். அந்த ஆறு என்பது தலைப்புச் செய்தி; விரிவான செய்தி பெஞ்சுகளிலிருந்து வரும்.

“ஏம்ப்பா, அவன் எங்க?”

“அவுங்க ஊர்ல நோம்பி சார்.” நோம்பி என்றால் திருவிழா.

தை, மாசியில் ஆறு பேர் வரவில்லையா, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தியாகிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் மிளகு பறிக்கப் போக, கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஐந்தாம் வகுப்பு அக்கா நின்றுவிட்டாள். அவள் பெயருக்கு நேரே பதிவேட்டில் ஓர் எழுத்து விழுகிறது. அவள் செய்த வேலைக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. மழைக்காலத்தில் எண்ணிக்கை சரிந்தால் எந்த ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்பது, எந்தச் சிற்றூர்ப் பிள்ளைகள் வரவில்லை என்பதிலேயே தெரியும். ஒரே நாளில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவரும் இல்லையென்றால் கல்யாணம், அல்லது காய்ச்சல். மறுநாள் கையில் மருதாணி இருந்தால் கல்யாணம்.

‘வருகை இப்போது அலைபேசிச் செயலியிலேயே ஏறுகிறதே, பலகை எதற்கு?’ என்று ஒரு சாரார் கேட்கலாம். ஏறுவதற்குச் சிக்னல் வேண்டும். அதற்காக ஆசிரியர் மேட்டில் ஏற வேண்டும். அப்படியே ஏறினாலும் செயலிக்குக் கிடைப்பது ஆறு என்ற எண் மட்டுமே. ‘நோம்பி சார்’ என்று அது சொல்லாது.

ஆகவே, ஆய்வுக்கும் பார்வைக்கும் மலையேறி வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச வசதியாக இருக்கட்டும் என்று பலகை முழுவதையும் துடைக்காதீர்கள். வலது மேல்மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். அன்றைய தாளை இன்னும் எல்லோரும் படித்து முடித்திருக்க மாட்டார்கள்.