எட்டுப் போட்டவர்கள்

காரைக்குடிப் பக்கம் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பரம்பரையாக ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. வாத்தியார் அம்மானோ சித்தப்பாவோ. வகுப்பறை ஏதாவதொரு பொட்டல். 'கிளட்சப் பிடி, ஃபர்ஸ்ட் கியரப் போடு, மெதுவா விடு, டேய் மெதுவா!' என்பது முதல் பருவம். வண்டி ஆஃப் ஆகாமல் நகர்ந்தால் இரண்டாம் பருவம். பின்னால் ஓடிவந்தவர் மூச்சு வாங்கி நின்றுவிட்டால் பட்டமளிப்பு. அப்புறம் எல்.எல்.ஆர்., எட்டு, லைசென்ஸ். இத்தனையிலும் வண்டியைக் கிளப்பத்தான் பாடம். நிறுத்த ஒரு பாடமும் கிடையாது. என் கட்சி இதுதான்: நம் ஆட்களுக்கு பைக் ஓட்டத் தெரியும், நிறுத்தத் தெரியாது. எட்டை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. காலை ஊன்றாமல் நடை வேகத்தில் வண்டியை வளைக்க பேலன்ஸ் வேண்டும்தான். ஆனால் ஊருக்குள் ஐந்து விளக்கிலும் கல்லுக்கட்டியிலும் குறுக்கே வருகிறவர்கள் எட்டுப் போட்டுக்கொண்டு வருவதில்லை. அவசரத்தில் நிறுத்தத் தெரிகிறதா என்றும் தேர்வில் பார்க்கவேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. இருந்தும், லைசென்ஸ் எடுக்கப் போய் வந்தவனிடம் 'எட்டுப் போட்டியா?' என்றுதான் ஊரே விசாரிக்கிறது. 'பிரேக் போட்டியா?' என்று எந்த ஆச்சியும் கேட்டதாகத் தகவல் இல்லை.

இது வெறும் வாய்ச்சவடால் இல்லை, சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர், லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 பைக் விபத்துகளைக் குழுவோடு நேரில் போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை கொடுத்தார். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். ஆக, அம்மான் அங்கேயும் இருந்திருக்கிறார். 'எல்லாரும் அப்படித்தானே பழகுகிறார்கள், விபத்திலும் அவர்கள்தானே இருப்பார்கள்?' என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அந்த எண்ணை மட்டும் வைத்து நான் வழக்காட மாட்டேன். அதே அறிக்கையில் இருக்கும் இன்னொரு விஷயம்தான் வலுவானது. விபத்தைத் தவிர்க்க ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் நேரம் பொதுவாக இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பெரும்பாலானோர் பின் பிரேக்கை ஏறி மிதித்துச் சறுக்கியிருக்கிறார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. அறுபதில் போகும் வண்டி விநாடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் போகும். பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு விநாடி போய்விடும். நல்ல தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் முறையாகப் பிடித்தாலும் வண்டி நிற்க மொத்தம் நாற்பது மீட்டர் ஆகும். நம்மூர் வீட்டுக் கணக்கில், முகப்பில் எதையோ பார்த்துப் பதறினால் வளவைத் தாண்டி இரண்டாம் கட்டில்தான் வண்டி நிற்கும். பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர் அடுப்படியையும் கடந்து, பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்குவார்.

'முன் பிரேக்கப் பிடிச்சா குப்புற விழுவே' என்பது நம்மிடம் வேதவாக்கு. பலர் வண்டியில் அந்த லீவர் கல்யாண வீட்டு வெள்ளிச் செம்பு மாதிரி, பார்வைக்கு மட்டும். உண்மையில், பிரேக் போட்டதும் பாரத்தில் பெரும்பகுதி முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் ரோட்டை இறுக்கிப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிறது. லேசான சக்கரத்தை மிதித்தால் அது சறுக்காமல் என்ன செய்யும்? வேதவாக்கிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். செம்மண்ணும் சரளையும் ரோட்டுக்கு ஏறிக் கிடக்கும் திருப்பத்தில், வண்டி சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் தரையைத்தான் கும்பிட வேண்டும். அதனால் திருப்பத்துக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். லீவரைச் சட்டென்று கவ்வாமல் படிப்படியாக அழுத்த வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், அதற்குட்பட்டவற்றுக்கு இரண்டு பிரேக்கையும் சேர்த்து இயக்கும் சிபிஎஸ்ஸாவதும் இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அம்மான் சொல்லித்தராததை கம்பெனிக்காரர்கள் வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஆனாலும் அதே பொட்டலில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சாயங்காலம் நிறுத்திப் பழகுவதற்கு அது ஈடாகாது.

'முப்பது வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் இல்ல' என்று டீக்கடையில் ஒருவர் கட்டாயம் இருப்பார். வேறு மாதிரி சொல்லக்கூடியவர்கள் டீ குடிக்க வரும் நிலையில் இல்லை என்பதால் அவர் சாட்சியம் எடுபடாது. 'இந்தா இருக்கிற செக்காலை ரோட்டுக்கு எதுக்கு ஹெல்மெட்?' என்பது அடுத்தவர் கட்சி. ஹர்ட் பார்த்த விபத்துகளில் பாதி, 48 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் தொடங்கியவை. அது செக்காலை ரோட்டு வேகம்தான். ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் பிடி இறுகியதும், பெட்ரோல் டேங்குகள் எல்லாம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பத்திரமாகிவிட்டன. தலைக்கு ஏறிய ஹெல்மெட்டுகளிலும் பாதிக்கு வார் மாட்டுவதில்லை. அப்படிப் போட்ட ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னால் போய்விடும்.

'நான் ஒழுங்காத்தான் போறேன், எதிர்ல வர்றவன் வந்து இடிச்சா?' என்ற கேள்விதான் கடைசி, கனமானதும் அதுதான். ஹர்ட் அறிக்கையும் இதில் கேட்கிறவர் பக்கம்: வேறு வண்டியோடு மோதியவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில், தவறு பைக் ஓட்டியவர் மேல் இல்லை. பைக் கண்ணில் படவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் மற்றவர் தரப்பு. அதனால்தான் 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் தானாக எரிகிறது, அணைக்க சுவிட்சே இல்லை. தேவகோட்டை ரோட்டில் அந்த லைட்டோடு போய்ப் பாருங்கள். எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஐந்து விரலையும் விரித்து மூடி, 'லைட் எரியுது' என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள், ஹெல்மெட் மாட்டிய முழங்கையைத் தூக்கி.