மராமத்துப் படலம்

ஆலயங்களுக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நடத்த வேண்டும் என்று நம் முன்னோர்கள் ஒரு நியதி வகுத்தார்கள். அந்த நியதியின் உட்கருத்தைப் பற்றி ஆகமம் அறிந்த பெரியவர்கள் எத்தனையோ விளக்கங்கள் சொல்லக்கூடும். ஆனால் ஒரு பழைய வீட்டில் குடியிருந்து, ஐப்பசி தோறும் கூடத்தின் நடுவே வெண்கலப் பானையை வைத்து மழைநீர் சேகரித்துவந்த எனக்கு, கல்லும் காரையுமாகக் கட்டிய எந்தக் கட்டடமும், அதில் ஈசுவரனே வாசம் செய்தாலும், பழுது பார்க்காமல் வெகுகாலம் நிற்காது என்பதை மிகுந்த மரியாதையோடு சொல்லிவைத்த முறைதான் அது என்று தோன்றுகிறது.

தெய்வத்துக்கு இந்த விஷயத்தில் உள்ள சௌகரியங்கள் மனிதனுக்கு இல்லை. திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளப் பண்ணிவிடுகிறார்கள், கமிட்டி அமைக்கிறார்கள், ரசீதுப் புத்தகம் அச்சிட்டு ஊரெல்லாம் வசூல் செய்கிறார்கள். குடும்பஸ்தனோ, கூடத்தை இடிக்கும்போது அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து, காரைத்தூள் மிதக்கும் மோரைக் குடித்துக்கொண்டு, கமிட்டித் தலைவர், பொக்கிஷதார், நன்கொடையாளர் ஆகிய பதவிகள் அனைத்தையும் தானே வகிக்க வேண்டியிருக்கிறது. கமிட்டி அங்கத்தினர் பதவி மட்டும் வீட்டில் மற்ற எல்லோருக்கும் உண்டு. அவர்கள் நன்கொடை தருவதில்லை, தீர்மானங்கள் கொண்டுவருகிறார்கள்.

மராமத்துச் செலவைப் பற்றிப் பிரஸ்தாபம் வந்தவுடன் கொத்தனார் கூலியையும் சிமெண்டு விலையையும் நிந்திப்பது உலக வழக்கம். இது பெரிய அபவாதம். கொத்தனார் நாம் காட்டிய சுவரைத்தான் இடிக்கிறார். சிமெண்டு மூட்டை தானாக நடந்து வீட்டுக்குள் வருவதில்லை. என் அபிப்பிராயத்தில், சிக்கனம் என்பது கொத்தனாரோடு பேரம் பேசி நிலைநாட்டுவதன்று. கொத்தனார் வாசற்படி ஏறுமுன்பே வீட்டாரோடு பேசி நிலைநாட்டுவது. இந்தச் சித்தாந்தத்தை 2 லட்சம் ரூபாய் என்ற எல்லைக்குள் பரீட்சித்துப் பார்க்கும் பாக்கியம் சென்ற கோடையில் எனக்கு வாய்த்தது.

கோடை என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். சென்னைக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்டதை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. ஏரி வறண்டிருக்கும்போதே கரையை உயர்த்தி மதகைச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்ற ஏற்பாட்டை வைத்திருந்த தேசம் இது. அந்த தேசத்தின் வாரிசுகளாகிய நாமோ, தலையில் சொட்டும்போதுதான் கூரையை நினைக்கிறோம். சொட்டு நின்றதும் மறந்துவிடுகிறோம். சொட்டும்போது கொத்தனாரால் வேலை செய்ய முடியாது; வெயிலடிக்கும்போது நமக்கு வேலை இருப்பதாகத் தெரியாது. இந்த இரண்டு காலங்களுக்கும் இடையில் அகப்பட்டுத்தான் தமிழ்நாட்டின் கூரைகள் வயோதிகம் அடைகின்றன.

எங்கள் வீடு திருவல்லிக்கேணியில் என் பாட்டனார் கட்டியது. சென்னையின் பழைய வீடுகளுக்கே உரித்தான மச்சு, பொறியாளர்கள் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று இந்த ஊரின் பெயராலேயே அழைக்கும் தளம், அதற்கு உண்டு. தேக்கு உத்திரங்களை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் ஒரே அங்குலக் கனமும் கொண்ட மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக நிறுத்தி, அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பது அந்தக் காலத்து முறை. வெல்லமும் கடுக்காயும் உண்டு வளர்ந்த அந்தத் தளம் மூன்று தலைமுறை வடாமையும் நான்கு தலைமுறைப் பட்டங்களையும் தாங்கிவிட்டு, அதன் பிறகே ஒழுக ஆரம்பித்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஒழுக்கு ஒரு விசித்திரமான வஸ்து. கூடத்தில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே மாடியில் விரிசல் இருக்கும் என்று எண்ணுவது பேதைமை. ஒரு மூலையில் உட்புகுந்த நீர், உத்திரத்தைப் பற்றிக்கொண்டு யாத்திரை செய்து, தனக்கு இஷ்டமான இடத்தில் இறங்கும். அது எங்கே புகுந்தது என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு கொள்கை இருந்தது. கைப்பிடிச் சுவர்தான் காரணம் என்றார் பெரியப்பா. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்றாள் என் மனைவி; அதற்கு ஆதாரம் கேட்டபோது, அந்த வீட்டுக்காரர்களின் சுபாவத்தையே ஆதாரமாகக் காட்டினாள். கைபேசியில் ஏதோ ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு வந்த என் மகன், ஒரு டப்பா ரசாயனத்தை வாங்கித் தளம் முழுவதும் பூசிவிட்டால் விரிசல் எங்கே இருந்தாலும் நமக்குக் கவலையில்லை என்றான்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். அவர் சொட்டும் இடத்தை ஏறிட்டும் பாராமல் நேரே மாடிக்குப் போய், மழைநீர்க் குழாயின் வாயில் கையை விட்டு, மக்கிப்போன வேப்பிலை ஒரு கூடையும், என் மகன் பாலப்பருவத்தில் தொலைத்த ரப்பர் பந்து ஒன்றும் எடுத்து வெளியே போட்டார். நீர் வெளியேற வழியின்றித் தேங்கி நின்ற இடத்தில் தட்டோடுகள் பெயர்ந்திருந்தன. கைப்பிடிச் சுவரின் அடியில், காகத்தின் உபயமாக, அரசங்கன்று ஒன்று தழைத்து நின்றது.

“வெட்டினா மறுபடி துளுக்கும் சார். வேரோட எடுக்கணும்” என்றார் மேஸ்திரி.

“அரச மரத்தையா? வேண்டாம்டா, பாவம்!” என்றாள் என் தாயார், மாடிப்படியின் பாதியில் நின்றபடியே.

சாஸ்திரத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே சமரசம் ஏற்படச் சற்று நேரம் பிடித்தது. கன்றை உயிரோடு எடுத்து மண்ணில் நட்டுவிட்டால் தோஷமில்லை என்று தாயார் இறங்கி வந்தாள். அதன் பேரில், வெட்டுவதற்கு ஓர் ஆளும் ஒரு கத்தியும் போதுமாயிருந்த காரியத்துக்கு, வேர் அறாமல் செங்கல் செங்கலாகப் பிரித்தெடுக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற கேள்வியிலிருந்துதான் என் வரவு செலவுத் திட்டத்தின் பூர்வ பீடிகை தொடங்குகிறது.

நான் வகுத்த தலைப்புகள் நான்கு: நீர், நெருப்பு, நேத்திரம், அகஸ்மாத்து. வீட்டுக்குள் நீரைக் கொண்டுவரும் பழுதெல்லாம் முதல் தலைப்பு. ஏனெனில் கூரையைச் செப்பனிடாமல் சுவருக்கு வர்ணம் அடிப்பவன், வர்ணத்துக்கு இரண்டு முறை விலை கொடுக்கிறான். இரண்டாவது மின்சாரம். பாட்டனார் காலத்துக்குப் பின் போட்ட பழைய கம்பிகளை மாற்றி, எர்த் கம்பி சரியாக இழுத்து, 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும் கருவியைப் பொருத்துவது. இது யார் கண்ணுக்கும் தெரியாத செலவு, ஆகையால் யாரும் சிபாரிசு செய்யாத செலவு. மூன்றாவது, கண்ணுக்கு இனிமை தருவன. நான்காவது, எதிர்பாராதவற்றுக்காக மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40,000 ரூபாய். பழைய வீட்டில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது இடித்த பிறகே தெரிகிறது. அந்த அஞ்ஞானத்துக்குச் செலுத்தும் காணிக்கை என்று இதைக் கொள்ளலாம். அரசங்கன்று இந்தத் தலைப்பில்தான் ஏறியது.

திட்டத்தைக் குடும்ப சபையில் வாசித்தேன். நீருக்கும் நெருப்புக்கும் முதலிடம், நேத்திரத்துக்குக் கடைசி இடம் என்ற கொள்கையை அனைவரும் ஏகமனதாக ஆமோதித்தார்கள். ஆமோதித்த மறுகணமே, தத்தம் அபிலாஷை முதல் இரண்டு தலைப்புகளில்தான் சேரும் என்று வாதாடத் தொடங்கினார்கள். சமையல் மேடைக்குக் கிரானைட் பதிப்பது நேத்திரம் அல்லவா என்று கேட்டேன். “என்னங்க இது! அடுப்பு மேடை மேலதானே இருக்கு? அது நெருப்பு. பக்கத்தில தொட்டி, அது நீர். ரெண்டும் சேர்ந்ததை விட்டுட்டு வேற எதைச் செய்யப் போறீங்க?” என்றாள் மனைவி. குளியலறையைப் புதிய மோஸ்தரில் மாற்றுவது நீரில் சேரும் என்பதற்கு வாதமே தேவையில்லை என்று மகன் நினைத்தான். பெரியப்பாவின் வாதந்தான் மிகவும் நுட்பமானது: கூடத்தில் புதிய ஊஞ்சல் போட வேண்டும், ஊஞ்சல் உத்திரத்தில் தொங்கும், உத்திரம் சுவரில் நுழையும் முனையில் ஓதம் ஏறி உளுத்திருந்தால் ஊஞ்சல் அறுந்து விழும், ஆகவே ஊஞ்சல் நீரைச் சேர்ந்தது. இவர் ஐந்து வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர்.

தீர்ப்பு வருமாறு: உத்திரத்தின் முனைகளைப் பரிசோதிப்பது அனுமதிக்கப்பட்டது, ஊஞ்சல் ஒத்திவைக்கப்பட்டது, குளியலறையில் நீர் கசியும் தளத்தைப் பெயர்த்துப் போடுவது அனுமதிக்கப்பட்டது, மோஸ்தர் நிராகரிக்கப்பட்டது, சமையல் மேடை அப்பீலில் நிலுவையில் வைக்கப்பட்டது.

அடுத்தபடி, மேஸ்திரியோடு எந்த முறையில் ஒப்பந்தம் செய்துகொள்வது என்ற விசாரம். நாள் கூலி என்றால் தேநீர் வேளை நீள்கிறது. மொத்தக் குத்தகை என்றால் வேலை துரிதமாக நடக்கிறது. ஆனால் எதைக் கேட்டாலும் “அது நம்ம பேச்சில இல்லையே சார்” என்ற பதில் வருகிறது. சதுர அடிக் கணக்கு என்றால், பூச்சு வேலையில் கதவுக்கும் ஜன்னலுக்கும் கழிக்க வேண்டுமா என்பதில் தகராறு பிறக்கிறது. இதற்கு இந்தியத் தர நிர்ணயத்தில் விதியே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அரை சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புக்குக் கழிவில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரையில், சுவரின் இரு பக்கமும் பூசினால், ஒரு பக்கத்துக்கு மட்டுமே கழிவு. நிலையைச் சுற்றி உட்புறம் பூசும் உழைப்புக்கு அது ஈடு. நான் இந்த விதியைச் சொன்னபோது மேஸ்திரி மரியாதையோடு கேட்டுவிட்டு, “நாங்களும் அப்படித்தான் சார் அளப்போம், ஜன்னலைக் கழிக்க மாட்டோம்” என்றார். தமக்குச் சாதகமான பாதியை அவர் முன்னமே அறிந்திருந்தார். கடைசியில் மச்சுத் தளத்தைச் சதுர அடிக் கணக்கிலும், சில்லறை வேலைகளை நாள் கூலியிலும் ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். எழுதிக் கொடுப்பதை அவமானமாகக் கருதாத மேஸ்திரி கிடைப்பது, குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதைவிடப் பெரிய லாபம்.

தளத்தின்மேல் சிமெண்டுப் பூச்சு ஒன்று போட்டுவிட்டால் காரியம் மலிவில் முடியும் என்று அயலார் பலர் உபதேசித்தார்கள். சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் குளிருக்கும் சிறிது விட்டுக்கொடுக்கும் தன்மையுடையது, சிமெண்டு விட்டுக்கொடுக்காது. இரண்டையும் ஒட்டவைத்தால் மேலே உள்ளது வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் வெளியேறவும் முடியாது. மாமியார் மருமகள் உறவுக்கும் இது பொருந்தும் என்று மேஸ்திரி சொன்னபோது, என் தாயாரும் மனைவியும் ஒரே சமயத்தில் தலையசைத்தார்கள். சிமெண்டு யார் என்பதைப் பற்றி இருவருக்கும் தனித்தனி அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும். சுண்ணாம்பே தீர்மானமாயிற்று.

சிமெண்டுக்கு வேலை குளியலறையில் மட்டும். நீர் கலந்தபின் அது இறுகத் தொடங்கக் குறைந்தது 30 நிமிஷமாவது ஆக வேண்டும் என்று தர விதி கூறுகிறது. தேநீர் அருந்தித் திரும்புவதற்கு அப்படி எந்த விதியும் இல்லை. ஆகையால் கலவை போடுமுன்பே தேநீரை வரவழைத்துக் கொடுத்துவிடும் ஏற்பாட்டைச் செய்தேன். என் திட்டத்தில் மிக அற்பமான முதலீட்டுக்கு மிக அதிகமான பலன் தந்தது இதுவே. பூசிய இடத்தை ஒரு வாரமாவது ஈரம் உலராமல் நனைத்துவர வேண்டிய பொறுப்பைப் பெரியப்பாவிடம் ஒப்படைத்தேன். காலையும் மாலையும் சந்தியா காலத்தில் செம்பும் கையுமாக அவர் அதை நிறைவேற்றிய சிரத்தையைக் கண்டு மேஸ்திரியே பிரமித்தார். வாரம் முடிந்தபின்பும் அவர் நிறுத்தவில்லை என்பதுதான் சிறிய சங்கடம்.

இனி, வரவு செலவுத் திட்டங்களைக் கொல்லும் பிரம்மாஸ்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். “எப்படியும் ஆள் வந்திருக்கு, கையோட இதையும் முடிச்சுடலாமே!” என்பதே அது. வேலை நடக்கும் வீட்டில் இந்த வாக்கியம் நாளுக்கு ஒருமுறையேனும் பிறக்கிறது. அதில் நியாயமும் இருப்பதால்தான் அது அபாயகரமானது. மேலும், ஒரு மூலை புதிதானவுடன் எதிர்மூலை திடீரென்று கிழடு தட்டிப்போகிறது. நேற்றுவரை யாருக்கும் தோன்றாத அழுக்கு இன்று எல்லோருக்கும் தோன்றுகிறது. நான் எவரையும் மறுக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கூடத்தில் தொங்கவிட்டு, விண்ணப்பங்களைத் தேதியிட்டு எழுதிவிட்டுப் போகும்படியும், மேஸ்திரி கணக்கு முடிந்த பிறகு பரிசீலிக்கப்படும் என்றும் அறிவித்தேன். எழுதக் கை வலிக்கும் ஆசைகள் பாதி அங்கேயே உதிர்ந்தன. மீதிப் பாதியைச் சுவரே கவனித்துக்கொண்டது: ஓதம் ஏறிய சுவர் நன்றாக உலர்ந்த பின்புதான் வர்ணம் பூச வேண்டும், இல்லையேல் தோல் உரிந்து வரும். சுவர் உலரும் அவகாசத்தில் மனிதர்களின் உற்சாகமும் உலர்ந்துவிடுகிறது. ஒரு சுவர் மட்டும் ஊதா நிறத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த என் மகள், சுவர் உலர்ந்த சமயத்தில் வேறு ஏதோ பிடிவாதத்துக்குப் போய்விட்டாள், வெள்ளையே அடிக்கப்பட்டது.

கணக்கை முடித்தபோது அகஸ்மாத்துத் தலைப்பில் கொஞ்சம் பணம் எஞ்சியிருந்தது. மராமத்துச் சரித்திரத்தில் இது அபூர்வமான நிகழ்ச்சி. இப்படி எஞ்சும் தொகையை வீட்டாருக்கு அறிவிப்பது தர்மமா, மறைப்பது தர்மமா என்று வெகுநேரம் ஆலோசித்து, அடுத்த ஐப்பசியின் பெயரால் அதைத் தனியே வங்கியில் போட்டுவைத்திருக்கிறேன். அது எவ்வளவு என்று அறிய வாசகர்கள் ஆவலாக இருக்கக்கூடும். இந்தப் பத்திரிகையைச் சமையலறையிலும் வாங்கிப் படிக்கிறார்கள். அங்கே ஓர் அப்பீல் இன்னும் நிலுவையில் இருக்கிறது.