பாட்டத்துக்கு ஒரு பென்சில்

வா மக்ளே, இரி. பார்வதிபுரத்துல பிளான் ஆபீஸ் போடுகன்னு சொன்னாவ. போர்டு எழுதியாச்சு, விசிட்டிங் கார்டு அடிச்சாச்சு, சுத்துக நாக்காலியும் வந்தாச்சு. பிளான் வரையுக ஆட்டோகேட் மென்பொருள் ஒண்ணுதான் பாக்கி; அது கொறஞ்ச வெலைக்கு எங்க கெடைக்கும்னு எங்கிட்ட வந்து நிக்க. சரியான ஆளைத்தான் புடிச்சிருக்க. கம்ப்யூட்டர்ல சீட்டு வெளையாடவே நான் பேத்திகிட்ட உத்தரவு வாங்கணும்.

இருந்தாலும் சொல்லுகேன். ஆட்டோகேட் 1982-ல வந்த சரக்கு. முன்னெல்லாம் ஒருதரம் பைசாவைக் கட்டினா அந்தப் பதிப்பு ஒனக்குச் சொந்தம். 2016-ல கம்பெனிக்காரன் அந்த ஏற்பாட்டை நிறுத்திட்டான். இப்போ பாட்டம், அதான் வாடகை. கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு பூவுக்கும் நாங்க நெல்லு அளந்து போட்டோம்லா, அதே கதை. வெளைஞ்சாலும் அளக்கணும், சாவியாப் போனாலும் அளக்கணும். ஒனக்கு இந்த வருசம் எத்தனை வீட்டு வேலை வந்திருக்கு? ஒண்ணு. அதும் ஒன் சித்தப்பன் வீடு. அவன் கூலி தருவான்னு வேற நம்பிக்கிட்டு இருக்க. கொள்ளாம்.

என்னது, கூட்டுக்காரன் பென் டிரைவ்ல 'கிராக்' தாரேன்னானா? அப்போ சோலி முடிஞ்சுது! பதிப்புரிமைச் சட்டத்துல 63பி-ன்னு ஒரு பிரிவு இருக்கு. திருட்டு மென்பொருள்னு தெரிஞ்சே ஓட்டினா 7 நாள்லருந்து 3 வருசம் வரை உள்ள இருக்கலாம், அபராதம் 50,000 ரூவாயிலருந்து 2 லட்சம் வரைக்கும். பாட்டமும் மிச்சம், சாப்பாடும் கவர்மெண்டு போட்டுரும். காலேஜ்ல படிக்க தம்பி பேருல மாணவர் பதிப்பை எறக்கிரலாம்னும் ஒரு கணக்கு வச்சிருப்ப. அது படிக்கதுக்கு மட்டும்தான். கூலி வாங்குக வேலைக்கு ஆவாது. முன்னெல்லாம் அதுல வரைஞ்சு பிரிண்ட் எடுத்தா தாளோட ஓரத்துல அதுவே முத்திரை குத்திக் கோள் சொல்லிரும்.

ஆட்டோகேட் இல்லாம ஒரு கோடு இழுக்க முடியாதுன்னு நீ சொல்லுக. திருவட்டாறு பக்கம் மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பாத்திருக்கியா? பறளியாத்துக்கு மேல 115 அடி ஒசரத்துல நிக்கி. 1966-ல முடிஞ்ச வேலை. வரைஞ்சவனுவ பென்சிலைச் சீவிச் சீவி வரைஞ்சானுவ. அங்க செல்ஃபி எடுக்கப் போறவன் எவனாவது இது எந்த வெர்சன்ல போட்டதுன்னு கேட்டிருக்கானா?

ஒனக்கு வந்த வேலையைப் பாப்போம். அஞ்சு செண்டு, அதாவது 2178 சதுர அடி. ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால், கன்னிமூலையைக் காட்டி மல்லுக்கு நிக்க ஒரு மாமியாக்காரி. 2500 சதுர அடிக்குள்ள உள்ள மனையில 3500 சதுர அடி வரை கட்டுக வீட்டுக்கு, 2024 சூலையிலருந்து சுயசான்று கொடுத்து ஆன்லைன்லயே அனுமதி வாங்கிக்கிடலாம். இதுக்கு வேண்டியது நீளமும் அகலமும் காட்டுக கோடு. லிப்ரேகேட்னு ஒரு மென்பொருள் இருக்கு, அது தாராளமாப் போதும். லேயர் இருக்கு, அளவு போடலாம், செங்கலுக்குக் கோடும் நிரப்பலாம். பைசா கெடையாது.

சும்மா கெடைக்கது நெலைக்குமான்னு நீ கேக்கது ஞாயம். டிராஃப்ட்சைட்னு ஒண்ணை வருசக்கணக்கா இலவசமாத்தான் கொடுத்தான். எல்லாவனும் நல்லாப் பழகின பொறவு 2019-ஓட கையை மடக்கிட்டான். லிப்ரேகேட் அப்படி மடக்க முடியாத ரகம். கியூகேட்னு ஒண்ணோட திறந்த பதிப்பை எடுத்து வேற ஆளுவ வளத்தது. மூலநிரல் ஊர்ப் பொதுவுல கெடக்கு. ஒருத்தன் கோவிச்சுக்கிட்டுப் போனா அடுத்தவன் எடுத்து நடத்துவான்.

ஒரு கொறை உண்டு, மறைக்க மாட்டேன். ஆட்டோகேடோட டி.டபிள்யூ.ஜி. கோப்பை அது அரைகொறையாத்தான் தொறக்கும். ஸ்ட்ரக்சரல் இஞ்சினியர் அனுப்புக கம்பிப் படம் பெரும்பாலும் அதுலதான் வரும். ஓபன் டிசைன் அலையன்ஸ்காரன் சும்மா கொடுக்க மாற்றி ஒண்ணு இருக்கு. அதுல விட்டு டி.எக்ஸ்.எஃப். ஆக்கிக்கோ. எழுத்தும் அளவுக் குறிப்பும் சிலநேரம் இடம் தப்பும். அடிக்கு அடி பாத்துட்டுக் கொத்தனாருக்கு அனுப்பு. இல்லேன்னா கக்கூஸ் கதவு அடுக்களைக்குள்ள தொறக்கும்.

வீட்டை முப்பரிமாணத்துல சுத்திக் காட்டுன்னு கேக்கவனுக்கு ஃப்ரீகேட். 2002-ல தொடங்கினது, 2024 நவம்பர்லதான் 1.0 ஆச்சு. இருபத்திரெண்டு வருசம். நமக்குத் தெரிஞ்ச காண்டிராக்டரை விட வேகம்தான்.

நாளைக்கே வேலை பெருகி டி.டபிள்யூ.ஜி.யா வந்து குவிஞ்சா இசட்.டபிள்யூ.கேட் மாதிரி ஒண்ணை ஒரேயடியா வெலைக்கு வாங்கிப் போடு. வாங்குகதுக்கு முன்னால சோதனைப் பதிப்புல ஒன் கோப்பையே தொறந்து பாரு; அவன் காட்டுக மாதிரிப் படம் எப்பவும் அழகாத்தான் தொறக்கும். ஒருத்தன் ஆட்டோகேட்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கானா? மாசக் கணக்குலயும் கொடுப்பான். ஒரு மாசத்துக்கு எடுத்துட்டு, அந்த வாடகையை அவன் பில்லுலயே ஏத்திரு.

அப்பொறம், படிச்சுப் பழக வீடு தேடி அலையாண்டாம். பொறத்தால எனக்குத் தொழுத்து இடிஞ்சு கெடக்கு. ரெண்டு மாடு, ஒரு கன்னுக்குட்டி, வைக்கோல் போட ஒரு சாய்ப்பு. லிப்ரேகேட்ல நல்லா ஒரு பிளான் போட்டுக் கொண்டா. சாணிக்குழி கன்னிமூலைக்கு வந்திரப்பிடாது, ஒன் பாட்டி சாமியாடிருவா. கூலியா? லிப்ரேகேட்காரன் ஒங்கிட்ட எவ்வளவு வாங்கினான்? அதையே நானும் தாரேன், மக்ளே.