நிறம் பார்த்துத் தீர்ப்பு

வாசகர், தென்காசி

கேள்வி: ஒரே நீதிபதி மூன்றே மாதத்தில் 'பல்டி' அடித்ததுண்டா?

பதில்: ஏன் இல்லை? அமெரிக்கக் குடியுரிமை வேண்டுமென்றால் வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியாகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்த காலம். ஜப்பானியரான டகாவோ ஒசாவா தம் தோலும் வெளுப்புதான் என்று வாதாடினார். தோல் கணக்கில்லை, காகேசிய இனமாக இருக்க வேண்டும் என்று 1922 நவம்பரில் கைவிரித்தார் சுப்ரீம் கோர்ட் நீதிபதி சதர்லேண்ட்.

பஞ்சாபியான பகத் சிங் திண்ட் அதையே பிடித்துக்கொண்டார். மானுடவியல் புத்தகப்படி அவர் காகேசியர்! 1923 பிப்ரவரியில் அதே சதர்லேண்ட், புத்தகம் கிடக்கட்டும், சாமானியன் இவரை வெள்ளையர் என்பானா என்று கேட்டுக் கேஸை முடித்தார். (அந்தச் சாமானியனை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.)

திண்ட் சும்மா ஆளில்லை. முதல் உலகப் போரின்போது தலைப்பாகையோடு அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 1918-ல் சீருடையிலேயே குடியுரிமை வாங்கினார். நாலே நாளில் பிடுங்கிவிட்டார்கள். 1920-ல் மறுபடி கிடைத்ததைத்தான் சதர்லேண்ட் காலி செய்தார். 1936-ல் மூன்றாவது முறை கிடைத்து நிலைத்தது, மாஜி ராணுவத்தினருக்கான சலுகையில். நிறம் அப்படியேதான் இருந்தது.